பெரியாழ்வார் திருமொழியில் நாட்கடனும் வழிபாடும்

நாள்தோறும் செய்யும் செயல் இருவகையாக முடியும். கை பழகிய அளவில் மனம் விலகிக்கொள்ள, வெறும் வழக்கமாய்த் தேய்வது ஒன்று; அதே செயல் கருத்தோடு செய்யப்பெற்று வழிபாடாய் உயர்வது மற்றொன்று. நீராட்டலும் உணவூட்டலும் தலைவாரலும் பூச்சூட்டலும் எவ்வில்லத்தும் நிகழ்வன. இவற்றை வழிபாடாக்குவது யாது? புறத்தேயிருந்து சேர்க்கப்படும் சடங்கா, செயலினுள்ளே அமைந்த வேறொன்றா? இவ்வினாவிற்குத் தமிழில் விரிவான விடை தரும் நூல் பெரியாழ்வார் திருமொழி என்பது நம் கருத்து.

இந்நூலின் முதலிரு பத்துகளைப் பிள்ளைத்தமிழின் தோற்றுவாயாகக் கொள்வது அறிஞர் மரபு. தாலாட்டும் அம்புலியும் செங்கீரையும் சப்பாணியும் பிற்காலத்தில் பருவங்களாய் வளர்ந்தமையின் அக்கொள்கை பொருந்துவதே. ஆயின், அவ்வொரு நோக்கிலேயே நிற்பின் இரண்டாம் பத்தின் பெரும்பகுதி நம் கண்ணிற்குத் தப்பிவிடும். உண்ண அழைத்தல், நீராட்டம், குழல்வாரக் காக்கையை அழைத்தல், பூச்சூட்டல் என்பன பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் இடம்பெறவில்லை. பெண்பாற் பிள்ளைத்தமிழில் வரும் நீராடற் பருவமும் குழந்தை தானே புனலாடுதலைக் கூறுவதன்றித் தாய் நீராட்டுதலைக் கூறுவதன்று. பிற்கால இலக்கியம் குழந்தையின் ஆடலை ஏற்றுக்கொண்டது. தாயின் நாட்கடனை விட்டுவிட்டது. விடப்பட்ட அப்பகுதியே ஈண்டு ஆராயற்பாலது.

முதற்கண் நீராட்டத்தைக் காண்போம். யசோதை நிலையில் நின்று பாடும் ஆழ்வார் முதலிற் கூறும் காரணம் சமயஞ் சார்ந்ததன்று. வெண்ணெய் அளைந்து புழுதி படிந்த உடம்போடு இரவில் படுக்க விடலாகாது என்பதே அது. பிறந்தநாள் திருவோணம் அடுத்த பாசுரத்தில்தான் இடம்பெறுகிறது. எண்ணெயும் புளிப்பழமும் எடுத்து வைத்துத் தாய் நெடும்பொழுது காத்திருக்கிறாள். நெல்லி கலந்து காய்ச்சிய நீர் கடாரத்தில் நிறைந்துள்ளது. மஞ்சளும் சாந்தும் மையும் ஒருபுறம். நீராடி வந்தபின் உண்ண அப்பமும் சிற்றுண்டியும் மறுபுறம். புழுதி படிந்த மேனியைக் காண அவளுக்கு உள்ளூர மகிழ்ச்சியே. எனினும் கண்டவர் பழிப்பர், நப்பின்னை காணின் சிரிப்பாள் என்கிறாள். இப்பொருள்களுள் ஒன்றேனும் கோயிலிலிருந்து வந்ததன்று. யாவும் அடுக்களையிலும் முற்றத்திலும் கிடைப்பனவே. ஆயத்தஞ் செய்து வைத்தலும், வருவானை நோக்கிக் காத்திருத்தலும், பெயர் சொல்லி அழைத்தலும் ஆகிய மூன்றுமே நாட்கடனை உயர்த்துகின்றன.

இவ்வுயர்வைப் பாசுரங்களின் தொடரமைப்பும் காட்டுகிறது. பூச்சூட்டலில் கஞ்சனைச் செற்றதும் பிற அரிய செயல்களும் பெரும்பாலும் விளிக்கும் அடைக்கும் உரியனவாய் முன்னே வருகின்றன. பாசுரத்தை முடிக்கும் வினைமுற்றோ, செண்பகம் சூட்ட வருக, மல்லிகை சூட்ட வருக என்று இல்லத்துச் செயலையே பற்றி நிற்கிறது. அவதாரச் செயல்கள் அடையாகவும் பூச்சூட்டல் முடிபாகவும் அமைதல் கருதத்தக்கது. பாசுரந்தோறும் செயல் ஒன்றே, பூ வேறு. பாதிரி, புன்னை, குருக்கத்தி, இருவாட்சி எனப் பூவின் பெயர் மாறுந்தோறும் பழகிய செயல் புதிதாகிறது. குழல்வாரும் திருமொழியிலோ, தலைவாரப் பொறாத குழந்தைக்குக் காக்கையை விளையாட்டாக அழைத்துக் காட்டுகிறாள் தாய். அங்கு ‘வாராய்’ என்பது தலைவாருதலைக் குறிக்கும் ஏவல். பூச்சூட்டலில் அதே வடிவம் வருகையைக் குறிக்கும்.

இனி, உண்மையிலேயே சடங்காகிய காது குத்தலை ஒப்பிடுக. பன்னிரு பாசுரங்களில் கேசவன் முதல் தாமோதரன் ஈறாகப் பன்னிரு திருப்பெயர்களும் முறையே அமைந்துள்ளன. ஆய்ப்பாடிப் பெண்டிர் கூடியுள்ளனர். அவர்க்கு அடைக்காய் திருத்தி வைக்கப்பட்டுள்ளது. எனினும், அங்கும் பாசுரத்தை நடத்துவது சடங்கின் முறையன்று. நோவஞ்சி ஓடும் பிள்ளையை இணக்கும் தாயின் சொல்லே. வாழ்நாளில் ஒருமுறை நிகழும் சடங்கையும் நாள்தோறும் நிகழும் நீராட்டையும் ஆழ்வார் ஒரே குரலில் பாடுகிறார்.

காப்பிடல் இக்கருத்தை மேலும் வலியுறுத்தும். பிள்ளைத்தமிழின் காப்புப் பருவத்தில் புலவர் தெய்வங்களை வேண்டிக் குழந்தைக்குக் காவல் தேடுவர். இங்கோ குழந்தையே தெய்வம். திருவெள்ளறையில் நிற்பவனை அந்திப்பொழுதில் மன்றில் நில்லாதே என்று தாய் அழைக்கிறாள். பசுக்கள் கதறி நிற்க, அவற்றின் பணியை விட்டு இவனைக் கூவி நிற்கிறாள். காப்பவனுக்கே காப்பு வேண்டுமென அஞ்சும் இப்பரிவு, திருப்பல்லாண்டின் பன்னிரு பாசுரங்களிலும் காணப்படுவதே.

குழந்தை தெய்வமாதலின் இச்செயல்கள் வழிபாடாயின. ஏனைய இல்லங்கட்கு இது பொருந்தாது எனச் சிலர் தடை எழுப்பலாம். அத்தடை வலிமையுடையதே. ஆயின், தெய்வம் என அறிந்தமையால் தாய் செயலின் முறையை எங்கும் மாற்றவில்லை என்பதை நோக்குதல் வேண்டும். நீரின் சூடும் எண்ணெயும் பிற பிள்ளைகட்கு உரியனவே. அன்றியும், குழந்தை இணங்காது ஓடுவதால் அழைப்பு ஒருமுறையோடு முடிவதில்லை. எளிதில் நிறைவேறும் செயலே மனமின்றிச் செய்யப்படும். தடைப்படும் செயல் ஒவ்வொரு முறையும் கருத்தைக் கோரும். திருவில்லிபுத்தூரில் நந்தவனம் வளர்த்து நாள்தோறும் மாலை தொடுத்தவர் எனக் குருபரம்பரை கூறும் பெரியாழ்வார் இதனை நன்கு உணர்ந்திருத்தல் இயல்பே.

இன்றும் வைணவத் திருக்கோயில்களில் திருமஞ்சனத்தின்போது நீராட்டத் திருமொழி ஓதப்பெறுகிறது. திருமேனி ஓடுவதில்லை, பாசுரத்தில் பிள்ளை இன்னும் ஓடுகிறான். முறைப்படி நிகழும் சடங்கினுள் தாயின் காத்திருத்தலை மீண்டும் கொணர்வது அப்பாசுரமே. ஆகவே, இல்லம் கோயிலைப் பின்பற்றியதால் அன்றி, கோயில் இல்லத்தின் பரிவை நாள்தோறும் கேட்டுக்கொள்வதாலேயே இவ்வழிபாடு உயிர்ப்புடன் நிற்கிறது எனலாம். பிள்ளைத்தமிழ் ஆராய்ச்சி செய்வோர் வளர்ந்த பருவங்களோடு விடப்பட்ட இந்நாட்கடன்களையும் சேர்த்து நோக்குதல் நன்று.