பத்திகளுக்கு நடுவே ஒரு கோடு

உச்சிப்புளிக்குத் தெற்கே, மன்னார் வளைகுடாக் கரையில் அமைந்த புதுமடம் போன்ற ஊர்களில், ஜமாஅத்தின் வரவு செலவுக் கணக்கும், ரமலான் மாதத்து ஸஹர் (நோன்பு தொடக்கம்), இஃப்தார் (நோன்பு துறப்பு) நேர அட்டவணையும், நிக்காஹ் அழைப்பிதழும், மதரஸா ஆண்டு விழா மலரும் இன்று கணினியில்தான் உருவாகின்றன. சில டிடிபி கடைகளிலும், பல வீட்டுப் பிள்ளைகளின் மடிக்கணினிகளிலும். அப்படி உருவாகும் தாள்களில், பக்கத்தை இரண்டு மூன்று பத்திகளாகப் பிரித்து, பத்திகளுக்கு நடுவே கோடிட்டு, ஒவ்வொரு பாராவையும் கட்டத்துள் அடைத்து, யாவற்றையும் சுற்றி ஒரு பூ வேலைக் கரையும் போடுகிற வழக்கம் வேரூன்றியிருக்கிறது. இவ்வழக்கத்தை முற்றிலும் தள்ளிவிட நான் சம்மதியேன். ஆயினும் கோடு தனக்குரிய காரியத்தைச் செய்யும் இடம் எது, வாசகனுக்கு இடையூறாக நிற்கும் இடம் எது என்ற விசாரணை அவசியமென்று கருதுகிறேன்.

கரையிட்ட பக்கத்தின்பால் நம் கடற்கரை மக்களுக்குள்ள பிரியம் காரணமற்றதன்று. சிறுவயதில் ஓதக் கையிலெடுக்கும் திருக்குர்ஆன் பிரதியில் ஒவ்வொரு பக்கமும் கோட்டுச் சட்டத்துள் அமைந்திருப்பதைக் கண்டு வளர்ந்தவர்கள் அவர்கள். அரபு நூல்களை அச்சிட்டோர், மூலத்தைச் சட்டத்தின் உள்ளேயும், ஹாஷியா எனப்படும் விரிவுரையை அதற்கு வெளியே பக்கத்து ஓரங்களிலும் அமைத்தனர். பதினைந்தாம் நூற்றாண்டில் ஜலாலுத்தீன் மஹல்லீ தொடங்க, அவர் மாணவர் ஸுயூத்தீ நிறைவு செய்த ஜலாலைன் என்னும் திருக்குர்ஆன் விரிவுரையை (தப்ஸீரை) இம்முறையில் திருமறையின் ஓரத்தில் அச்சிட்ட பிரதிகள் உண்டு. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் போன்றோர் பத்தொன்பதாம் நூற்றாண்டில், தமிழை அரபு எழுத்தில் எழுதும் அரபுத் தமிழில் நூல்கள் இயற்றிய இந்தக் கடற்கரைக்கு, அந்தப் பக்க அமைப்பு அந்நியமானதன்று. அங்கே கோடு அலங்காரம் மட்டுமன்று. இறைவன் வாக்கு இதுவரை, மனிதர் விளக்கம் இதற்கப்பால் என்று ஓதுபவனுக்கு ஐயத்திற்கிடமின்றி அறிவிக்கும் எல்லை அது. இருவேறு தன்மையுடைய வாசகங்கள் ஒரே தாளில் அடுத்தடுத்து நிற்கும்போது, கோட்டைக் காட்டிலும் நேர்மையான சாதனம் வேறில்லை.

இனி மறுபக்கத்தைப் பார்ப்போம். 1455ஆம் ஆண்டளவில் ஜெர்மனியில் குட்டன்பெர்க் அச்சிட்ட விவிலியம் இரண்டு பத்திகளாக, பெரும்பாலான பக்கங்களில் பத்திக்கு 42 வரிகளாக அமைந்தது. பத்திகளுக்கிடையே அவர் கோடு அச்சிடவில்லை. வெள்ளை இடைவெளியே பிரிவைக் காட்டப் போதுமானதாயிற்று. ஒரே வாசகம் முதற்பத்தியின் அடியிலிருந்து அடுத்த பத்தியின் தலைக்கு ஓடுகிறதாதலின், அங்கே பிரிக்கத்தக்க பொருள் ஏதுமில்லை. பின்னாளில் செய்தித்தாள்கள் தம் குறுகிய பத்திகளுக்கு நடுவே உலோகப் பட்டிகளை வைத்துக் கோடு அச்சிட்டதற்கு நியாயம் இருந்தது: இடப்பற்றாக்குறையால் இடைவெளியைச் சுருக்கினர், மேலும், அடுத்தடுத்த பத்திகளில் சம்பந்தமற்ற செய்திகள் நின்றன. இரண்டு வீட்டாருக்கிடையே பனையோலை வேலி வேண்டியதுதான். ஒரே வீட்டின் இரண்டு அறைகளுக்கு நடுவே அதைக் கட்டுவார் உண்டோ?

நம்மவர் தாள்களில் பெரும்பாலும் நேர்வது இப்படி அறைகளுக்கு நடுவே கட்டும் வேலிதான். ஆனால் குற்றம் முழுவதையும் செய்பவர்மேல் சுமத்துவதும் முறையன்று. கருவியின் இயல்பும் அதில் பங்கு கொள்கிறது. மைக்ரோசாஃப்ட் வேர்டில் பத்திகளுக்கிடையே கோடு வேண்டுமென்றால் ஒரு கட்டத்தில் குறியிட்டாற் போதும். அக்கோட்டின் தடிப்பையோ நிறத்தையோ மாற்ற அங்கே வழியில்லை. விலையின்றிக் கிடைக்கும் லிப்ரெஆபிஸ் ரைட்டரிலோ, கோட்டின் வகை, தடிப்பு, நிறம் மட்டுமன்றி, அது பத்தி உயரத்தில் எத்தனை விழுக்காடு நிற்கவேண்டும் என்பதையும் நிர்ணயிக்கலாம். மெல்லிய சாம்பல் நிறக் கோடொன்றை நாடுபவர்க்கு இது பெரிய அனுகூலம். இந்த ஒன்றில் ரைட்டரே மேலானது என்பது என் தீர்ப்பு.

பாராவைச் சுற்றும் கட்டத்தின் கணக்கு இன்னும் கூர்ந்து நோக்கத்தக்கது. ஏ4 தாளில் இருபுறமும் 2.54 சென்டிமீட்டர் ஓரம் விட்டு, வேர்ட் தானாகத் தரும் 1.27 சென்டிமீட்டர் இடைவெளியோடு இரண்டு பத்திகள் அமைத்தால், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 7.3 சென்டிமீட்டர் அகலம் பெறும். பாராவுக்குக் கட்டம் இட்டவுடன், அதன் பக்கக் கோடுகள் எழுத்தைவிட்டு 4 புள்ளி (பாயின்ட்) விலகி, பத்தியின் எல்லைக்கு வெளியே, இடைவெளிக்குள் வந்து நிற்கின்றன. இரு பத்திகளிலும் கட்டம் இருந்து நடுக்கோடும் சேர்ந்துவிட்டாலோ, அரை அங்குலச் சந்தில் மூன்று செங்குத்துக் கோடுகள் நெருங்கி நிற்கும். கண் எதைப் பற்றிக்கொள்வது என்றறியாமல் தடுமாறும். பாராவின் இடவல உள்தள்ளலை 4 புள்ளி கூட்டினால் கட்டம் பத்திக்குள் அடங்கும். அதேபோல், ஒரே அமைப்புள்ள அடுத்தடுத்த பாராக்கள் ஒரே கட்டத்துள் சேர்ந்து நிற்கும். ஒன்றின் உள்தள்ளல் சற்று மாறினாலும் கட்டம் இரண்டாக உடைந்துவிடும். காரணம் அறியாமல் இதனோடு மணிக்கணக்கில் போராடுவோர் பலர்.

தமிழ் எழுத்துக்கென்று தனிச் சங்கடங்களும் உள்ளன. மூன்று பத்திகளாகப் பிரித்தால் ஒரு பத்தியின் அகலம் 4.5 சென்டிமீட்டருக்குள் சுருங்கிவிடும். 12 புள்ளி எழுத்தில் ‘கொண்டிருக்கிறார்கள்’ என்ற ஒரு சொல்லே வரியின் பெரும்பகுதியை விழுங்கிவிடும். சொல்லை உடைக்காமல் இருபுறமும் ஒழுங்குபடுத்தினால் சொற்களுக்கிடையே பெரும் ஓட்டைகள் தோன்றும். ஒழுங்குபடுத்தாவிட்டால் வலப்புற ஓரம் பல்லுப் பல்லாக நிற்கும். வெள்ளை இடைவெளி இந்தக் குறையை ஓரளவு மறைக்கும். நேர்கோடோ அருகில் நின்று அளவுகோலைப் போல அதை வெளிப்படுத்திவிடும். இடம் மிச்சப்படுத்த வரி இடைவெளியைச் சுருக்குவோர், மேலே சுழித்த ‘கீ’யும் கீழே வால் இறங்கிய ‘பூ’வும் கட்டத்தின் கோட்டை உரசுவதைக் காண்பர்.

ரமலான் அட்டவணை வேறு வகை. தேதி, ஸஹர் முடிவு, இஃப்தார் என்று அதில் பத்திகள் உண்டெனினும், வாசகன் கண் மேலிருந்து கீழ் போவதில்லை. தேதியிலிருந்து நேரத்திற்குக் குறுக்கே போகிறது. ஆகையால் அங்கே துணை செய்வது படுக்கைக் கோடேயன்றி நெடுங்கோடன்று. விடியற்காலை மங்கிய வெளிச்சத்தில் கண்ணாடியைத் தேடிக்கொண்டே அதைப் பார்க்கும் முதியவர்க்கு, எல்லாப் பக்கமும் கருங்கோடிட்ட கட்டக் கூட்டத்தைவிட, ஐந்து நாளுக்கொரு மெல்லிய படுக்கைக் கோடு பெரும் உபகாரமாகும். அரபு மூலமும் தமிழ் மொழிபெயர்ப்பும் அருகருகே வரும் துஆ (பிரார்த்தனை) தொகுப்புகளுக்கோ நடுக்கோடு தகும். ஆனால் அவற்றைப் பத்திகளாக அமைத்தல் ஆகாது. பத்தியில் வாசகம் தானே அடுத்த பத்திக்கு வழிந்தோடுமாதலின், ஒரு வரி கூடினாலும் மூலமும் மொழிபெயர்ப்பும் இணை தவறும். இரண்டு பத்தி அட்டவணையாக அமைத்து, நடுவிலுள்ள கோட்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்கிவிடுவதே முறை.

பக்கத்தைச் சுற்றும் கரையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பல தாள்கள் நெருங்கி ஒட்டப்பட்ட பலகையில் ஒன்றை ஒன்றிலிருந்து அது பிரித்துக் காட்டுகிறது. அழைப்பிதழுக்கு ஒரு கௌரவமும் தருகிறது. தாளின் விளிம்பிலிருந்து 24 புள்ளியில் வேர்ட் தானாக அமைக்கும் கரை சில அச்சுப் பொறிகளில் அடியில் அறுபடுவதுண்டு. அளவை எழுத்திலிருந்து கணக்கிடச் சொன்னால் அக்குறை பெரும்பாலும் தீரும்.

ஆகவே ஊர்த் தாள்களை அமைக்கும் இளைஞர்களிடம் எனது வேண்டுகோள் இதுதான்: ஆண்டு விழா மலரின் கட்டுரைப் பத்திகளில் நடுக்கோட்டை எடுத்துவிட்டு, இடைவெளியைச் சற்றே அகலப்படுத்தி, ஒரு பிரதி அச்சிட்டு, அதை உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள், கோடுள்ள பிரதியையும் கொடுங்கள். எதை அவர் தடையின்றிப் படிக்கிறாரோ அதையே அச்சுக்கு அனுப்புங்கள்.