ஓர் ஆண்டும் இரு புலவரும்

பழந்தமிழ் நூல்களின் காலத்தை ஆராய்வோர் இரு வகையினர். நூலுக்கு வெளியே கல்லையும் காசையும் தேடிச் செல்வோர் ஒரு வகையினர். நூலுக்குள்ளேயே புலவன் காட்டும் வானத்தை நோக்கி, அதிலிருந்து ஆண்டையும் திங்களையும் நாளையும் வடித்தெடுப்போர் மற்றொரு வகையினர். இவ்விரண்டாம் வகையினருள் தலையாயவர் எல்.டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை (1865–1925). இந்தியக் காலக்கணிதத்தில் அவருடைய உழைப்பு மலைபோன்றது. அவர் வகுத்த பஞ்சாங்க அட்டவணைகளைத் தொடாமல் தென்னாட்டுக் கல்வெட்டுக்கு நாள் குறிப்போர் அரியர். அவர் பரிபாடலின் 11ஆம் பாடலுக்குக் குறித்துத் தந்த நாள் கி.பி. 634 ஜூன் 17. இந்த முடிவு எவ்வளவு தாங்கும் என்பதே ஈண்டு நம் ஆராய்ச்சி.

முதலில் அந்த ஆண்டைச் சற்றுச் சுற்றிப் பார்ப்போம். சகாப்தக் கணக்கில் அது 556. கலியாண்டில் 3735. இன்று நாம் வழங்கும் திருவள்ளுவர் ஆண்டைப் பின்னோக்கி எண்ணினால் 665. அறுபதாண்டுச் சுற்றில் 'ஜய'. 2014இல் வந்ததும் அதே ஜயதான். சீனத்தில் அது தாங் பேரரசர் தைசோங்கின் செங்குவான் எட்டாம் ஆண்டு. பாரசீகத்தின் யஸ்தகிர்து ஆண்டுமுறை கி.பி. 632 ஜூன் 16இல் தொடங்குவதால், நம் புலவரின் நாள் அம்முறையில் மூன்றாம் ஆண்டின் இரண்டாவது நாளாகிறது. நம் கணக்கில் அது ஹிஜ்ரி 13. அந்த ஆண்டு ஜமாதுல் ஆகிர் 22இல், அதாவது கி.பி. 634 ஆகஸ்டு 23இல், முதல் கலீபா அபூபக்கர் (ரலி) மறைந்தார். உமர் (ரலி) பொறுப்பேற்றார்.

ஆயினும் அன்று வாழ்ந்தவருள் எவர் இந்த எண்களைச் சொல்லியிருப்பர்? மதீனாவில் எவரும் அதைப் 'பதின்மூன்று' என்று எண்ணியதில்லை. ஹிஜ்ரத்தைத் தொடக்கமாகக் கொண்டு எண்ணும் முறையை உமர் (ரலி) வகுத்தது அதற்குச் சில ஆண்டுகள் கழித்தே. கிறித்து ஆண்டும் அன்று ஐரோப்பாவிலேயே பரவியிருக்கவில்லை. தமிழ் வேந்தர் தத்தம் முடிசூடிய ஆண்டையே எண்ணினர். ஆக, ஓர் ஆண்டுக்கு நாம் சூட்டும் பெயர்களுட் பல, பின்வந்தோர் அதன் மேல் எழுதிய பெயர்களே.

இதற்கு விலக்காக ஒரு கல் நிற்கிறது. கருநாடகத்து ஐஹொளெயில் மேகுட்டிச் சமணக் கோயிற் சுவரில் இரவிகீர்த்தி என்னும் புலவர் பொறித்த வடமொழிப் பாட்டு அது. இரண்டாம் புலிகேசியின் புகழைப் பாடும் அப்பாட்டில், பாரதப் போர் நிகழ்ந்து 3735 ஆண்டுகளும் சக வேந்தர் ஆண்டு 556உம் கழிந்தன என்று, ஒரே ஆண்டை இரண்டு கணக்கில் அவரே எழுதி வைத்துவிட்டார். கவிதையில் தாம் காளிதாசனுக்கும் பாரவிக்கும் நிகரென்றும் அங்கே சொல்லிக் கொள்கிறார். தற்புகழ்ச்சிதான், ஆனால் இந்தத் தற்புகழ்ச்சி இல்லாவிடின் காளிதாசன் கி.பி. 634க்கு முற்பட்டவன் என்பதற்கு இத்துணை உறுதியான சான்று நமக்கு வாய்த்திராது.

அதே கல்லில் இன்னொன்றும் உண்டு. புலிகேசியின் யானைப்படை சோழநாட்டை நோக்கி இறங்கியபோது அந்த யானைகளே அணையாகிக் காவிரியைத் தடுத்தனவாம்; ஆறு கடலைக் கூடாது நின்றதாம். கோட்டுச்சேரிமேட்டிலும் காரைக்காலிலும் வாழ்ந்து, அரசலாறு கடலோடு கலப்பதைக் கண்டு வளர்ந்த நமக்கு இது சிறு புன்னகையைத் தரும். காவிரி நீர் கடைமடைக்கு வாராதிருக்க யானைகள்தாம் வேண்டுமா என்ன? நிற்க. யானை அணையை எந்த வரலாற்றாசிரியனும் அளந்து பார்த்ததில்லை. ஆண்டை ஏற்றனர், அணையை அணி என்று விட்டனர். ஒரே புலவன், ஒரே கல், ஆயினும் இரண்டையும் ஒரு தட்டில் வைத்து நிறுத்தவில்லை. இந்த விவேகத்தை நாம் பரிபாடலுக்கும் காட்ட வேண்டாமா?

நல்லந்துவனார் பாடிய அப்பாடல் வையையைப் பற்றியது. எழுபது பாடல்களில் எஞ்சிய இருபத்திரண்டனுள் அஃது ஒன்று. பரிமேலழகர் உரையோடு உ.வே. சாமிநாதையர் 1918இல் அந்நூலை வெளியிட்டார். பாடலின் தொடக்கத்தில் புலவர் வானத்தை வரிசையாகக் காட்டுகிறார். வெள்ளி இடபத்திலும் செவ்வாய் மேடத்திலும் புதன் மிதுனத்திலும் நிற்கின்றன. வியாழனும் சனியும் தத்தம் இடம் பெறுகின்றன. விடியலில் கார்த்திகை உயர நிற்கிறது. பாம்பு மதியை மறைக்கிறது. இந்நிலையில் சைய மலையில் மழை பொழிய வையை பெருகுகிறது.

சுவாமிக்கண்ணுப் பிள்ளையின் நாளுக்கு வலுச்சேர்க்கும் கூறுகளை மறைப்பது நேர்மையன்று. திங்கள் மறைப்பு முழுநிலவிலன்றி நிகழாது. 634 ஜூன் 17ஐ ஹிஜ்ரிக் கணக்கில் மாற்றினால் ரபீஉல் ஆகிர் 14 வருகிறது. பிறைக்கணக்கு அறிந்த நம் வீட்டுப் பெண்டிரும் அது முழுநிலவு என்று சொல்லிவிடுவர். வெள்ளி கதிரவனை விட்டு ஏறத்தாழ 47 பாகைக்கு மேலும், புதன் 28 பாகைக்கு மேலும் விலகுவதில்லை. ஆகவே புதன் மிதுனத்திலும் வெள்ளி இடபத்திலும் இருப்பின், கதிரவன் ஆனித் திங்களை ஒட்டியே இருத்தல் வேண்டும். மேற்குமலையில் பருவமழை தொடங்கும் காலமும் அதுவே. இதுவரை எல்லாம் இசைகின்றன.

இசையாதது கார்த்திகை. விடியலில் அது உச்சியில் நிற்க வேண்டுமாயின், கதிரவன் அதற்குக் கிழக்கே ஏறத்தாழ 90 பாகை சென்றிருக்க வேண்டும், அஃதாவது ஆவணி. ஆவணியில் வெள்ளி இடபத்தில் நிற்க இயலாது. 'உயர நிற்றல்' என்பது உச்சியன்று, வானில் ஓரளவு ஏறியிருத்தலே என்று கொண்டால் ஆனியிலும் பொருந்தும். பொருந்தும்படி சொல்லுக்குப் பொருள் கொள்கிறோம். பிறகு அச்சொல்லையே சான்றாகக் காட்டுகிறோம். இதுவே இம்முறையின் வலுவற்ற இடம். கோள்கள் இன்னின்ன வீட்டில் நின்றால் நல்ல மழை என்பது சோதிட மரபு. மழைப்பாட்டு எழுத வந்த புலவர் அம்மரபை எடுத்தாண்டிருக்கலாம். தம் முற்றத்தில் நின்று வானத்தைப் பார்த்து எழுதினார் என்பதற்குப் பாட்டுக்கு வெளியே ஒரு துணையும் இல்லை. பரிபாடல் ஏனைத் தொகைகளிற் பலவற்றுக்குப் பிற்பட்டது என்ற வையாபுரிப்பிள்ளையின் கருத்தை ஏற்போருங்கூட, ஏழாம் நூற்றாண்டுக்கு வர இந்தக் கணக்கு ஒன்றையே நம்பி நடக்க முடியாது.

கணிதம் எங்கே துணை செய்யும் என்பதற்கு நம் மரபிலேயே தெளிந்த எடுத்துக்காட்டு உண்டு. நாயகம் (ஸல்) அவர்களின் மைந்தர் இப்ராஹீம் மறைந்த அன்று கதிரவன் மறைப்பு நேர்ந்தது. எவருடைய பிறப்புக்காகவோ இறப்புக்காகவோ அது நிகழ்வதில்லை என்று நாயகம் (ஸல்) தெளிவுறுத்தினார்கள். இச்செய்தியை, உடனிருந்தோர் சொல்லக் கேட்டுப் பலர் அறிவித்துள்ளனர். அந்த மறைப்பு கி.பி. 632 ஜனவரி 27இல் நேர்ந்தது என்று கணிப்போர் கொள்வர். இங்கே நிகழ்ச்சிக்குச் சாட்சி முதலில் நின்றது. கணக்கு பின்னர் வந்து நாளைக் கூறியது. பரிபாடலிலோ கணக்கே சாட்சியாகவும் நிற்க வேண்டியிருக்கிறது.

சிலம்புக்கு அவர் கண்ட ஆண்டு 756. ஆடித் திங்கள், தேய்பிறை எட்டாம் நாள், வெள்ளிக்கிழமை, கார்த்திகை என்ற சேர்க்கையிலிருந்து பெற்றது அது. இச்சேர்க்கை பல நூற்றாண்டுகளில் பலமுறை திரும்பக் கூடியதாகலின், அதனை மிகுதியாகப் பேச வேண்டியதில்லை. கயவாகுவைக் கொண்டு இரண்டாம் நூற்றாண்டு என்பாரும் இருக்க, ஒரு காப்பியம் அறுநூறு ஆண்டு இடைவெளியில் ஊசலாடுகிறது. நம் காரைக்கால் அம்மையாரின் நிலையும் இதுவே. சுந்தரர் தம் தொகையில் 'பேயார்' என்று அவரைக் குறித்தமையால் அவருக்கு முற்பட்டவர் என்ற எல்லை மட்டும் உறுதி.

பிறர் நூலுக்கு இத்துணைக் கடுமை காட்டும் நாம் நமக்கு மட்டும் நெகிழ்ந்து கொடுத்தல் ஆகாது. ஹிஜ்ரி எண்ணோடு 622ஐக் கூட்டிக் கிறித்து ஆண்டு என்று எழுதிவிடும் வழக்கம் நம் ஊர் வரலாற்று நூல்களில் இன்னும் தீரவில்லை. ஹிஜ்ரி 1447ஐ அவ்வாறு கூட்டினால் 2069 வந்து நிற்கும்! பிறையாண்டு ஏறத்தாழ 11 நாள் குறைவு. 33 பிறையாண்டு கழிந்தால்தான் 32 கதிராண்டு ஆகும். நோன்பு ஒருகால் கோடையிலும் ஒருகால் அடைமழையிலும் வருவதைக் கண்டும் எழுதுவோர் இதை மறக்கின்றனர்.

திருச்சிராப்பள்ளிக் கல்லுப்பள்ளியின் ஹிஜ்ரி 116ஐத் தமிழகத்து இசுலாத்தின் தொன்மைக்கு நம்மவர் பெருமிதத்தோடு காட்டுகின்றனர். 622ஐக் கூட்டினால் 738 என வரும், அது பிழை. அந்த ஹிஜ்ரி ஆண்டு கி.பி. 734 பிப்ரவரியில் தொடங்கி 735 ஜனவரியில் முடிந்தது. ஆயினும் எண்ணைத் திருத்துவது எளிய பகுதி. கல்லின் எழுத்து அந்நூற்றாண்டின் எழுத்துத்தானா, பொறித்தது அப்போதா பின்னரா, கட்டடத்தின் தூணும் கூரையும் எக்காலத்துப் பாணியைச் சார்ந்தவை என்று கேட்க வேண்டிய கேள்விகள் அந்தக் கல்லின் முன் இன்னும் நிற்கின்றன.