எள்ளலின் இரு திசைகள்: நகைச்சுவையும் கருத்துரிமையின் எல்லையும்

முன்னுரை

புண்படுத்தும் நகைச்சுவையைத் தடுக்கலாமா என்னும் வினா பெரும்பாலும் சட்டத்தின் மொழியிலேயே எழுப்பப்படுகிறது. அரசமைப்பின் 19(1)(அ) பேச்சுரிமையை வழங்க, 19(2) அதன்மீது நியாயமான கட்டுப்பாடுகளுக்கு இடமளிக்கிறது. தமிழ் உரைமரபிலோ வேறோர் அளவுகோல் உண்டு. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நகையின் நிலைக்களன்கள் நான்கனுள் எள்ளலை முதலில் வைக்கிறது. அதனைப் பேராசிரியர் இரண்டாகப் பகுப்பார்: பிறரை எள்ளித் தான் நகுவது, பிறர் தன்னை எள்ளும்போதும் தான் நகுவது. இவ்விரண்டாம் வகையே இங்கு ஆய்வுக்குரியது.

நகைக்க மறுத்தவர்

1987இல் ஆனந்த விகடன் அட்டையில் அமைச்சர்களையும் சட்டமன்ற உறுப்பினர்களையும் எள்ளிய நகைச்சுவைத் துணுக்கு ஒன்று வெளிவந்தது. பேரவைத் தலைவர் பி.எச்.பாண்டியன், இதழாசிரியர் எஸ்.பாலசுப்ரமணியனுக்கு மூன்று மாதக் கடுங்காவல் விதித்தார். எதிர்ப்பு வலுத்ததால் சில நாள்களிலேயே ஆசிரியர் விடுவிக்கப்பட்டார். பின்னாளில் உயர்நீதிமன்றம் அவருக்கு 1000 ரூபாய் இழப்பீடு வழங்க ஆணையிட்டது. எள்ளப்பட்டோர் நகைக்க மறுத்தனர். மறுப்பைத் தண்டனையாக்கும் அதிகாரமும் அவர்களிடம் இருந்தது.

நகைத்தாக வேண்டியவர்

திருவள்ளூர் மாவட்டம் கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்தின் உருக்காலைகளிலும் வார்ப்பகங்களிலும் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் மாநிலத் தொழிலாளர் பலர் பணிபுரிகின்றனர். அங்குள்ள தேநீர்க் கடைகளில் அவர்களின் உடைந்த தமிழைப் போலிசெய்து நகைப்பதை இக்கட்டுரையாளர் பலமுறை கேட்டதுண்டு. அத்தொழிலாளர்களும் உடன் நகைக்கின்றனர். அந்நகை உடன்பாடன்று, மொழி புரியாமையோ, நாளை அதே மேற்பார்வையாளரிடம் வேலைக்குச் செல்லவேண்டிய நிலையோ அதன் காரணமாகலாம். பேராசிரியர் கூறும் இரண்டாம் வகை எள்ளல் இங்குக் கட்டாயமாகிவிடுகிறது.

தடையின் போதாமை

இதற்குத் தடை மருந்தாகுமா? வடமாநிலத் தொழிலாளர் மீதான வெறுப்பையே பேசுபொருளாகக் கொண்ட பாஸ்கர் சக்தியின் திரைப்படத்திற்கு ‘வடக்கன்’ என்னும் தலைப்பைத் தணிக்கை வாரியம் ஏற்கவில்லை. 2024இல் அது ‘ரயில்’ எனப் பெயர் மாறி வெளிவந்தது. இழிசொல்லை விசாரணைக்கு உட்படுத்திய படைப்பு அச்சொல்லை இழந்தது. தேநீர்க் கடையில் அச்சொல் இன்றும் புழங்குகிறது.

முடிவுரை

எள்ளலின் எல்லையைப் புண்பட்டவரின் சினத்தைக் கொண்டு அளந்தால், சினக்கும் வலிமையுடையோர்க்கே அது பயன்படும் என்பதற்கு 1987 சான்று. எள்ளப்பட்டவர் நகைக்க மறுக்க இயலுமா என்பதே திறனாய்வு கேட்கவேண்டிய வினா. இது தண்டனைக்கான அளவுகோலன்று. நகைச்சுவையை மதிப்பிடுவதற்கான அளவுகோல். திரைப்பட, மேடை நகைச்சுவை குறித்த தமிழாய்வுகள், நகைப்பவரின் திறனோடு நகைக்கப்படுபவரின் மௌனத்தையும் கணக்கில் கொள்ளல் வேண்டும்.