ஹோஷோ குலுக்கியவரின் பெயர்

கொரோனா ஊரடங்கில் ஆன்லைனில் ஒரு காலிம்பா வாங்கினேன். 17 உலோகப் பட்டைகள், ஸ்வர எண்கள் அச்சிட்ட ஒரு தாள். ரெண்டு வாரத்தில் ஒரு ராஜா பாட்டின் பல்லவி கைக்கு வந்தது. அதோடு அது அலமாரிக்குப் போய்விட்டது. இது யாருடைய கருவி என்று பிறகு தேடினேன். தென் ஆப்பிரிக்கப் பகுதிகளில் இசை சேகரித்த ஹ்யூ ட்ரேசி, எம்பிரா குடும்பக் கருவிகளை மேற்கத்திய ஸ்வர வரிசைக்கு மாற்றி 1950களில் விற்கத் தொடங்கியதுதான் காலிம்பா. அங்கிருந்து ஜிம்பாப்வேயின் ஷோனா மக்களிடம் வந்து சேர்ந்தேன்.

அவர்களுடைய ‘எம்பிரா ட்ஸவட்ஸிமு’, அதாவது மூதாதையரின் எம்பிரா, ஒரு மரப்பலகையில் இருபதுக்கு மேற்பட்ட உலோகப் பட்டைகள் கொண்டது. ரெண்டு கட்டைவிரல், வலது ஆள்காட்டி விரல், அவ்வளவுதான் வேலை செய்யும். பீரா என்ற இரவுச் சடங்கில் ஒருவர் ஒரு பகுதியை வாசிக்க, இன்னொருவர் அதன் இடைவெளிகளுக்குள் தன் பகுதியைப் பின்னுவார். ஹோஷோ என்ற சுரைக்குடுக்கைக் கிலுகிலுப்பை தாளத்தைப் பிடித்திருக்கும். சுற்றியிருப்பவர்கள் பாடி, கைதட்டி, ஆடுவார்கள். எல்லாம் சேர்ந்து சூடேறும்போது ஊடகராக இருப்பவர்மேல் மூதாதை இறங்குவார்.

இந்த உலகத்தை வெளியே அறிமுகப்படுத்திய முக்கியமான நூல் பால் பெர்லினரின் ‘தி சோல் ஆஃப் எம்பிரா’ (1978). நல்ல புத்தகம்தான். குருவிடம் உட்கார்ந்து கற்றுக்கொண்ட ஒருவரின் பணிவு அதில் இருக்கிறது. பாட்டையும் சடங்கையும் அவர் விட்டுவிடவில்லை. ஆனால் நூலின் மையத்தில் நிற்பவர்கள் ஆண் எம்பிரா கலைஞர்கள். மாணவர் கேள்வி கேட்டதும், டேப் ரெக்கார்டர் திரும்பியிருந்ததும் அந்தப் பக்கம்தான்.

சரி, வாசித்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள், அதைத்தானே எழுத முடியும்? நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன்.

என் வேலையிலிருந்து ஒன்று சொல்கிறேன். யார் எத்தனை கமிட் போட்டார்கள் என்று கிட்ஹப்பில் ஒரு வரைபடம் வரும். ராத்திரி ரெண்டு மணிக்கு சர்வர் விழுந்தபோது போனை எடுத்தவரோ, புதிதாகச் சேர்ந்தவனுக்குப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தவரோ அதில் இருக்க மாட்டார். அப்ரைசல் சமயத்தில் மேனேஜர் பார்ப்பது அந்த வரைபடத்தை. அதில் என் பெயர் மேலே இருந்த வருடங்களில் எனக்கு இது ஒரு குறையாகவே படவில்லை.

ஷோனா இசை ஆய்விலும் நடந்தது இதுதான் என்று நினைக்கிறேன். பட்டையில் விரல் வைப்பது ‘அறிவு’ ஆனது. பாடுவது, ஹோஷோ குலுக்குவது, ஆடுவது எல்லாம் ‘பங்கேற்பு’ ஆனது. பெண்கள் அதிகம் இருந்தது இரண்டாவது பட்டியலில். மூதாதை இறங்கும் உடலோ பல சமயம் பெண்ணுடையது. பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான எழுச்சிக்குப் பின் 1898இல் தூக்கிலிடப்பட்ட நெஹாண்டாவின் ஊடகர் ஒரு பெண்தான். மூதாதையே பேசத் தேர்ந்தெடுக்கும் உடலுக்கு இசை தெரியாது என்று எப்படி முடிவு செய்தோம்?

இதற்குப் பதிலாக எல்லோரும் சொல்வது ஸ்டெல்லா சிவேஷேவின் கதை. 1960களில் அவர் கற்க வந்தபோது சொல்லித்தர ஆள் கிடைக்கவில்லை, கடைசியில் உறவுக்காரப் பெரியவர் ஒருவர் கற்றுக்கொடுத்தார். பெண்ணுக்குக் கருவி செய்துதர ஆளில்லாமல், இரவல் எம்பிராவில் 1974இல் ‘கசாஹ்வா’வைப் பதிவு செய்தார். பிறகு உலகம் முழுக்க வாசித்தார். 2023இல் மறைந்தார். சிலிர்க்க வைக்கும் வாழ்க்கை. ஆனால் ‘தடையை உடைத்த முதல் பெண்’ என்று மட்டும் எழுதும்போது பழைய அளவுகோலை அப்படியே வைத்துக்கொள்கிறோம். பட்டையைத் தொட்டதால் அவர் கலைஞர். தொடாத மற்ற பெண்கள் மறுபடியும் பார்வையாளர்கள்.

இந்த வீரக்கதையைக் கொஞ்சம் தள்ளிவைத்துப் பார்த்தவர்களில் ஒருவர் ஜெனிபர் கைக்கர். பெண்கள் எம்பிராவை ரகசியமாகக் கற்றதைப் பற்றிய 2014 கட்டுரையில் அவர் பாலினத்தோடு வயதையும் சேர்த்துப் பார்க்கிறார். ‘மரபு பெண்களைத் தடுத்தது’ என்ற ஒற்றை வாக்கியம் அங்கே ஆட்டம் காண்கிறது. எம்பிராவைச் சாத்தானின் கருவியாகப் பார்த்த மிஷனரிகளையும், மேடையேறும் பெண்ணைத் தப்பாகப் பேசிய நகரத்தையும் விட்டுவிட்டு எல்லாவற்றையும் மரபின் தலையில் கட்டுவது எளிது. அது ஆய்வாகாது.

2020இல் பெர்லினர், காஸ்மஸ் மகாயாவை இணையாசிரியராகச் சேர்த்து ஒரு நூல் வெளியிட்டார். தகவல் தந்தவர் ஆசிரியராவது பெரிய மாற்றம். அதே ஆண்டு யுனெஸ்கோ பட்டியலில் எம்பிரா ஏறியது. அதன் தலைப்பு, எம்பிராவைச் செய்யும், வாசிக்கும் கலை. மரபறிவு என்று அங்கீகரிக்கும்போதும் தலைப்பில் நிற்பது செய்பவரும் வாசிப்பவரும்தான்.

இப்போது பீரா பதிவுகளைக் கேட்கும்போது ஹோஷோவை மட்டும் பின்தொடர்ந்து பார்க்கிறேன். சில நிமிடம்கூட முடியவில்லை. காது தானாக உலோகச் சத்தத்துக்கு ஓடிவிடுகிறது. ஆய்வாளர்களைக் குறை சொன்ன எனக்கும் அதே காதுதான். ஹோஷோவைப் பிடித்திருந்தவர் யார் என்று பதிவின் உறையில் தேடினேன். பெயர் இல்லை.