பாறைக்கடியில் ஒரு நாய்

வங்கி நண்பர் ஒருவரின் புது வீட்டுக் கூடத்தில், சோபாவுக்கு மேலே, கெய்ன்ஸ்பரோவின் 'ப்ளூ பாய்' நிற்கிறான். அச்சுப்படம் அல்ல. கான்வாஸில் தைல வண்ணம் கொண்டு கையால் தீட்டிய பிரதி, சீனாவிலிருந்து வரவழைத்தது. கிரகப்பிரவேசத்துக்கு வந்தவர்கள் விரலால் தொட்டுப் பார்த்தார்கள். நானும் தொட்டேன். வண்ணத்தின் மேடு பள்ளம் விரலில் தட்டியது. "ஒரிஜினல் மாதிரியே இருக்கில்ல?" என்றார் நண்பர். நான் ஒரிஜினலைப் பார்த்ததில்லை. இருந்தும் ஏதோ ஒன்று அதில் இல்லை என்று பட்டது. பார்க்காத ஒன்றை வைத்து, பார்த்ததைக் குறை சொல்ல எனக்கு என்ன அதிகாரம்? சில வாரங்களாக இந்தக் கேள்வி விடாமல் உடன் வருகிறது.

சுலபமான பதில் ஒன்று கைவசம் இருக்கிறது: நகல், ஆகவே கலை அல்ல. நம் வட்டத்தில் யாரும் இதை மறுக்கமாட்டார்கள். ஆனால் சரித்திரம் மறுக்கிறது. 18-ம் நூற்றாண்டு இங்கிலாந்தில் உருவப்படம் பெரும்பாலும் பட்டறைச் சரக்கு. முகத்தை ஒருவர் வரைவார், உடையை வேறொருவர். லண்டனில் ஜோஸப் வான் ஆகன் என்பவர் பிற ஓவியர்களின் படங்களில் பட்டும் சரிகையும் தீட்டித் தருவதையே தொழிலாகக் கொண்டிருந்தார். 1749-ல் அவர் இறந்தபோது, சவ ஊர்வலத்தில் ஓவியர்கள் புலம்பிக்கொண்டு போவதாக ஹோகார்த் ஒரு கேலிச்சித்திரம் போட்டார். ஆலன் ராம்ஸே 1760-களின் தொடக்கத்தில் மூன்றாம் ஜார்ஜ் மன்னரை முடிசூட்டுக் கோலத்தில் வரைந்தார். அவர் பட்டறையிலிருந்து அதற்கு நூற்றுக்கும் மேற்பட்ட பிரதிகள், எல்லாம் கைவேலை, தூதர்களுக்கும் கவர்னர்களுக்கும் போயின. அவற்றில் பலவற்றைத் தீட்டிய உதவியாளர் ஃபிலிப் ரைனாகல், ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்து வெறுத்துப்போய், உருவப்படத்தையே கைவிட்டு மிருகங்களையும் பறவைகளையும் வரையப் போய்விட்டார்.

இன்று ஷென்ஜெனில் உள்ள டஃபென், நகல் ஓவியத்துக்குப் பெயர்போன இடம். 1989-ல் ஹாங்காங்கிலிருந்து ஒரு வியாபாரி சில ஓவியர்களோடு அங்கே வந்ததில் தொடங்கியது அதன் கதை. ராம்ஸேயின் பட்டறையை ஒப்புக்கொண்டுவிட்டு டஃபெனை மட்டும் இழிவாகப் பேசுவது நியாயமில்லை. ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. ரைனாகலுக்கு ராம்ஸே பக்கத்தில் இருந்தார். எது எந்தத் தடுமாற்றத்துக்குப் பின் வந்தது என்று அறியும் வழி இருந்தது. டஃபென் ஓவியர் கையில் இருப்பது ஒரு புகைப்படம். புகைப்படம் முடிவை மட்டும் காட்டும்.

'ப்ளூ பாய்' 1770 வாக்கில் தீட்டப்பட்டது. ஏற்கெனவே பயன்படுத்திய கான்வாஸ் அது. 1939-ல் எடுத்த எக்ஸ்ரேயில், பையனின் தலைக்கு மேலே, பாதியில் விட்ட வேறொரு மனிதரின் தலை தெரிந்தது. 1994-ல் எடுத்ததில் இன்னொன்று: பையனின் காலருகே சடை ரோமத்தோடு ஒரு நாய். கெய்ன்ஸ்பரோ நாயை வரைந்திருக்கிறார். பிறகு அதன் மேல் பாறைகளைத் தீட்டி மூடிவிட்டார். காரணம் தெரியாது. நாயைப் பார்க்கும் கண் பையனைப் பார்க்காது என்று நினைத்திருக்கலாம். எப்படியானாலும், அந்தப் பாறைகள் ஒரு மறுப்பு. நன்றாக வந்துவிட்ட ஒன்றை வேண்டாம் என்று சொன்ன இடம். நண்பர் வீட்டுப் படத்திலும் பாறைகள் இருக்கின்றன, இன்னும் சுத்தமாக. அவற்றின் அடியில் வெறும் துணி.

இன்னொன்றும் உண்டு. கெய்ன்ஸ்பரோ இறந்த 1788-ல், ரெனால்ட்ஸ் ராயல் அகாடமி மாணவர்களிடம் அவரைப் பற்றிப் பேசினார். போட்டியாளர் தந்த சாட்சியம் என்பதால் அதற்கு மதிப்பு கூடுதல். பக்கத்தில் போனால் அர்த்தமற்ற கீறல்களாகத் தெரிபவை, விலகி நின்றால் உருவம் கொள்கின்றன என்பது அவர் கவனித்த விஷயம். அந்தக் கீறல்கள்தான் நண்பர் வீட்டில் இல்லை. ஒவ்வொரு மடிப்பும் கரை கட்டி முடிக்கப்பட்டிருக்கிறது. கெய்ன்ஸ்பரோ முடிக்காமல் விட்டதை இவர் முடித்துக் கொடுத்திருக்கிறார். காசு கொடுப்பவர் குறை என்று சொல்லிவிடுவாரோ என்ற பயம், பாவம்.

ஒன்றை மறைக்கக்கூடாது. அந்த நீல உடையே இரவல். நூறாண்டுக்கும் மேல் பழையதான வான் டைக் காலத்து உடுப்பு அது. வான் டைக்கின் படங்களை கெய்ன்ஸ்பரோ தன் கையால் பிரதி எடுத்துப் பழகியவர். அவருக்குப் பிரதி ஒரு கேள்வியைத் தொடங்கி வைத்தது. நண்பர் வீட்டுச் சுவரில் அது பதிலாகத் தொங்குகிறது.

அமெரிக்க ரயில்வே முதலாளி ஹண்டிங்டன் 1921-ல் அந்தப் படத்தை வாங்கினார். கப்பலேறும் முன், 1922 ஜனவரியில், லண்டன் நேஷனல் காலரியில் மூன்று வாரம் வைத்தார்கள். சுமார் 90,000 பேர் பார்த்தார்கள். நூறு வருஷம் கழித்து, 2022-ல், சில மாதங்கள் அதே இடத்துக்கு இரவலாக வந்து போனது. அந்த 90,000 பேரில் பலர் அவனை முதலில் அச்சுப்படத்தில் பார்த்தவர்களாகவே இருக்கவேண்டும். நகல்தான் அவர்களை அசலிடம் அழைத்து வந்தது. நகலை நான் வெறுக்க முடியாது. நான் படித்த பி.ஏ. ஆங்கில இலக்கியம் வேறென்ன? ரெனால்ட்ஸும் கெய்ன்ஸ்பரோவும் எனக்குப் பாடப்புத்தகத்தில் தீப்பெட்டி அளவுப் படங்கள்.

ஆகவே எனக்குப் பட்ட குறை ஓவியத்தைப் பற்றிய அறிவிலிருந்து வந்ததாக இருக்க முடியாது. எழுத்திலிருந்து வந்தது. நம் சிறுபத்திரிகைகளில் வரும் கவிதைகளில், மொழிபெயர்ப்பில் படித்த வெளிநாட்டுக் கவிதையின் முடிவான தோற்றம் கச்சிதமாக இருக்கிறது. அதே மௌனம், அதே வெட்டு, அதே கடைசி வரி. தொட்டால் மேடு பள்ளம்கூடத் தட்டுப்படும். அடியில் அழிக்கப்பட்ட எதுவும் இல்லை. பிறரைச் சொல்லவில்லை. போன வருஷம் அச்சான என் கவிதைகள் இரண்டையும் எடுத்து இந்தக் கேள்வியோடு படித்தேன். எதை எழுதி, எதை வேண்டாம் என்று மூடினேன் என்று யோசித்தேன். ஞாபகத்தில் ஒன்றும் வரவில்லை. மூடுவதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

நண்பரிடம் "ஆமாம், அப்படியே இருக்கிறது" என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர் வீட்டுச் சுவருக்கு அது போதும்.