குணா குகைக்குப் பழைய பெயர் என்ன?

லொக்கேஷன் பார்க்கப் போகிறவர்களைக் கிண்டலடித்துக்கொண்டிருந்தவன்தான் நான். கடைசியில் நானும் கிளம்பினேன். முதல் நாள் மதுரை திருமலை நாயக்கர் மகால், மறுநாள் கொடைக்கானல் குணா குகை. நடுவில் வத்தலகுண்டு வழியாக பைக், பின் சீட்டில் வாய் மூடாத நண்பன்.

மகாலுக்குள் நுழைந்ததுமே அவன், "மனிஷா ஓடி வருவாங்கல்ல, எந்தப் பக்கம்டா?" என்றான். 'பம்பாய்' (1995) படத்தின் கல்யாணப் பாட்டு இங்கே எடுத்ததுதான். நாயக்கர் அரண்மனை ஒரு முஸ்லிம் கல்யாண வீடாக மாறியது யாருக்கும் உறுத்தவில்லை. தூண்களுக்கு நடுவே நின்று அண்ணாந்து பார்த்தால் காரணம் புரியும். அந்த வளைவுகளிலேயே இஸ்லாமியக் கட்டடக்கலை கலந்திருக்கிறது. சிதைந்து கிடந்ததை 19ஆம் நூற்றாண்டில் செப்பனிட்ட சிஷோம், இந்தோ சாரசனிக் பாணிக்குப் பேர்போனவர். ராஜீவ் மேனனின் கேமரா அங்கே இருந்ததைத்தான் எடுத்தது. மணிரத்னம் அந்த இடத்தைச் சரியாகப் படித்திருக்கிறார் என்பேன்.

கொடைக்கானலில் அப்படிச் சொல்ல முடியவில்லை.

குகை என்று போகிறோம், குகைக்குள் போக முடியாது. பின்னிக்கிடக்கும் மர வேர்கள், கம்பி வேலி, அதற்கு அப்பால் இருட்டு. "இவ்வளவுதானா?" என்றான் நண்பன். 1821இல் வார்டு என்ற வெள்ளைக்காரர் இந்த இடத்தைக் குறித்துவைத்தார் என்கிறார்கள். பல காலம் இதற்கு 'டெவில்ஸ் கிச்சன்' என்று பெயர். பேயின் அடுப்பங்கரை. பெயரைக் கேட்டாலே கால் கொஞ்சம் பின்வாங்கும். 1991இல் சந்தானபாரதியின் 'குணா' வந்தது. எச்சரிக்கையாக இருந்த பெயர் போய் ஒரு காதலனின் பெயர் ஒட்டிக்கொண்டது.

'குணா' எனக்குப் பிடித்த படம். ஆனாலும் அந்தக் கடிதப் பாட்டை இப்போது பார்த்தால் ஒன்று தொந்தரவு செய்கிறது. வேணுவின் கேமராவுக்கு அந்தக் குகை ஒரு கருவறை. ஒளி மேலிருந்து இறங்குகிறது, முகங்கள் தெரிகின்றன. காலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று நாம் யோசிப்பதே இல்லை. படத்தின் முடிவில் குணா அபிராமியைத் தூக்கிக்கொண்டு மலையிலிருந்து குதிக்கிறான். அங்கேயும் விழுவது ஒரு விடுதலைதான். அடியில் உடம்பு என்ன ஆகும் என்ற கேள்வியே கிடையாது. அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் தேடியது கருவறையை. இங்கே இருந்தது குழி. பலர் திரும்பி வரவில்லை.

2006இல் கேரளத்தின் மஞ்ஞும்மலிலிருந்து வந்த பையன்களில் ஒருவன் விழுந்தான். நண்பன் இறங்கித் தூக்கி வந்தான். அதைச் சிதம்பரம் 2024இல் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' ஆக்கினார். 'குணா'வைப் பற்றி எழுதப்பட்ட எந்தக் கட்டுரையையும்விட அந்தப் படம் நல்ல விமர்சனம் என்பது என் கட்சி. முதல் படம் மறைத்த ஆழத்தை அது அளந்து காட்டுகிறது. சேறு, வௌவால், நொறுங்கிய உடம்பு, மேலே ஒரு கயிறு. அதே பாட்டு கடைசியில் ஒலிக்கும்போது காதலி இல்லை, மேலே இழுக்கப்பட்ட நண்பன் இருக்கிறான். தியேட்டரில் நான் அழுதேன், மறைக்க ஒன்றுமில்லை.

ஆனால் ஒன்று. பெரும்பாவூரில் செட் போட்டு எடுத்த குகைக்குள்தான் நாம் அந்த ஆழத்தைப் பார்த்தோம். அதைத் தேடி கொடைக்கானல் வருகிறவர்களுக்குக் கிடைப்பது வேர்களும் வேலியும்தான். வேலி தாண்டியதால் வந்த வினையைச் சொன்ன படம், வேலியோரம் கூட்டத்தைக் கூட்டிவிட்டது. இதற்குச் சிதம்பரத்தைக் குறை சொல்ல முடியுமா என்று தெரியவில்லை. நானும் அந்தக் கூட்டத்தில்தான் நின்றேன்.

யாரோ போனில் பாட்டைப் போட்டார்கள். காலேஜ் பையன் ஒருவன் வேர் மேல் ஏறி, வேலியைப் பிடித்துக்கொண்டு போஸ் கொடுத்தான்.

"தம்பி, இறங்குப்பா," என்றான் என் நண்பன். அந்தப் பயணத்தில் அவன் சினிமா கலக்காமல் பேசியது அது ஒன்றுதான்.

"ஒரே ஒரு போட்டோண்ணா," என்றான் பையன்.