குழியின் இலக்கணம்: ஜி. வி. பிளாக்கின் பல் சீரமைப்பு நூலும் இன்றைய பயிற்சிக்கூடமும்

ஆய்வுச் சுருக்கம்

அமெரிக்கப் பல் மருத்துவரும் பேராசிரியருமான கிரீன் வார்டிமன் பிளாக் 1908இல் இரண்டு தொகுதிகளாக வெளியிட்ட ‘எ வொர்க் ஆன் ஆபரேட்டிவ் டென்டிஸ்ட்ரி’ என்னும் நூல், சொத்தைப் பல்லை எவ்வாறு குடைந்து அடைக்க வேண்டும் என்பதற்கு விதி வகுத்தது. அவ்விதிகளுக்கு அடிப்படையான பொருள்களும் நோய்க்கொள்கையும் பெரிதும் மாறிவிட்டன. ஆயினும், மாணவர் பயிற்சியிலும் அதனை மதிப்பிடும் புதிய கருவிகளிலும் அந்நூலின் சிந்தனைமுறை தொடர்கிறது. இக்கட்டுரை அந்நூலை ஒரு விதிநூலாக வாசித்து, அதன் வைப்புமுறை, சொல்லாட்சி, பிற்காலப் பயில்வு ஆகியவற்றைத் திறனாய்வு நோக்கில் ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: ஜி. வி. பிளாக், பல் சீரமைப்பு, சொத்தை, அமால்கம், சிமுலேட்டர், பல் மருத்துவக் கல்வி, கலைச்சொல்.

முன்னுரை

தொழில்நுட்ப நூல்களைத் திறனாய்வுக்கு உரியனவாகக் கருதும் வழக்கம் தமிழாய்வுப் புலத்தில் மிகுதியாக இல்லை. மருத்துவச் சுவடிகள் பதிப்பிக்கப்படுகின்றன. மருந்துச் சரக்குகள் அட்டவணைப்படுத்தப்படுகின்றன. ஆனால் ஒரு செய்முறை நூல் தன் விதிகளை எந்த வரிசையில் வைக்கிறது, அவ்வரிசை கற்பவரின் கையை எப்படிப் பழக்குகிறது என்னும் வினாக்கள் அரிதாகவே எழுப்பப்படுகின்றன. அத்தகைய வாசிப்பிற்கு மிகப் பொருத்தமான நூல் பிளாக்கினுடையது. நூற்றாண்டுக்கு மேலாக உலகின் பல் மருத்துவக் கல்லூரிகள் பலவற்றிலும் நேராகவோ வழிநூல்களின் வாயிலாகவோ அது பயிலப்பட்டு வருகிறது. இந்தியாவிலும் இளநிலைப் பல் மருத்துவ மாணவர் நோயாளியைத் தொடுவதற்கு முன், பிளாக் வகுத்த வகைப்பாட்டின்படியே முதல் குழியை வெட்டப் பழகுகிறார்.

1836இல் இல்லினாயில் பிறந்த பிளாக் எந்தப் பல் மருத்துவக் கல்லூரியிலும் பயின்றவர் அல்லர். உலகின் முதல் பல் மருத்துவக் கல்லூரி பால்டிமோரில் 1840இலேயே தோன்றிவிட்டது. எனினும், அவர் ஒரு மருத்துவரிடம் சில காலம் உடனிருந்து தொழில் கற்றவர். அவ்வாறு கற்ற ஒருவரே பின்னர் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகப் பல் மருத்துவக் கல்லூரியின் முதல்வராகி, தொழிலைக் குருவின் கைப்பழக்கத்திலிருந்து பிரித்து எழுத்து விதியாக்கினார். நூலின் வலிமையும் அதன் பிற்கால ஆபத்தும் இந்த இடத்தில்தான் தொடங்குகின்றன.

ஐந்தாம் இடத்தில் நோய்

பிளாக் சொத்தைக் குழிகளை அவை தோன்றும் இடத்தைக் கொண்டு ஐந்து வகையாகப் பகுத்தார். ஆறாம் வகை பின்வந்தோர் சேர்த்தது. ஒவ்வொரு குழியையும் ஆயத்தம் செய்ய அவர் வகுத்த படிகள் ஏழு: எல்லை வடிவம், தாங்கு வடிவம், பிடிப்பு வடிவம், வசதி வடிவம், எஞ்சிய சொத்தையை நீக்கல், எனாமல் சுவரைச் செம்மையாக்கல், குழியைத் துப்புரவு செய்தல்.

இவ்வரிசையில் நோய் வரும் இடம் ஐந்து என்பது கவனத்திற்குரியது. முதல் நான்கு படிகளும் அடைக்கப்படும் பொருளுக்கும் அடைப்பவர் கைக்கும் உரியவை. எவ்வளவு அகலம் வேண்டும், மெல்லும் விசையை எது தாங்கும், அடைப்பு கழன்று விழாமல் எப்படிப் பிடிக்கும், கருவி உள்ளே செல்ல இடம் உண்டா என்பவையே முதலில் முடிவாகின்றன. வடிவம் முடிந்த பின்னும் சொத்தை எஞ்சியிருந்தால் அது நீக்கப்படுகிறது. ‘எஞ்சிய’ என்னும் அடைமொழியே இதை உறுதிசெய்கிறது. இந்நூலின் இலக்கணத்தில் எழுவாய் குழியே; நோய் அன்று.

இதனைப் பிளாக்கின் அறியாமை எனக் கொள்வது பிழையாகும். அண்மைக்கால எழுத்துகள் பலவற்றில் அவர் நல்ல பல்லை வீணே வெட்டச் சொன்ன பழைய ஆசிரியராக ஓரிரு தொடர்களில் ஒதுக்கப்படுகிறார். நூலைத் திறந்து பாராதவர் கூற்றாகவே அது தோன்றுகிறது. அவர் காலத்து அமால்கம் என்னும் இரசக்கலவையும் தங்கத்தகடும் பல்லோடு ஒட்டுபவை அல்ல. ஒட்டாத பொருள் நிற்க வேண்டுமாயின் குழியின் வடிவமே அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அமால்கம் மெல்லிய விளிம்பில் உடையும். ஆகவே அதற்குப் பருமன் தேவை. தட்டையான தளமும் நேரான சுவரும் இதனால் வந்தவை. அடைப்பின் ஓரத்தில் மீண்டும் சொத்தை பிடிப்பதைக் கண்ட பிளாக், உணவு உராய்வும் துலக்குதலும் எட்டும் இடம்வரை குழியின் எல்லையை நீட்டச் சொன்னார். தடுப்பிற்காக நீட்டல் என்பது அக்கொள்கையின் பெயர். ஃபுளோரைடு பற்பசை பரவலாக விற்பனைக்கு வந்தது 1950களில்தான். அது இல்லாத காலத்தில் இந்த நீட்டல் ஒரு நியாயமான கணக்கு.

மேலும், பிளாக் அளந்து பார்த்து எழுதியவர். கடிவிசையை அளக்கக் கருவி செய்தார். அமால்கம் உறையும்போது விரிவதையும் சுருங்குவதையும் சோதித்து, 1890களில் அதன் சேர்மானத்தைத் திருத்தினார். ஒவ்வொரு விதிக்கும் அடியில் ஒரு பொருளின் இயல்பு உண்டு. பொருள் மாறினால் விதி மாறவேண்டும் என்பது அந்த ஆய்வுமுறையிலேயே அடங்கியிருக்கிறது. ஆனால் நூல் அதை வெளிப்படக் கூறவில்லை. தமிழ் இலக்கண ஆசிரியர் இயல்தோறும் புறனடை வைப்பர். சொல்லாதன உளவாயின் அவற்றையும் ஏற்பதற்கான வாயில் அது. பிளாக்கின் ஏழு படிகளுக்குப் புறனடை இல்லை.

விதியை விட்டு விலகிய காரணம்

விதிக்கு அடிப்படையான காரணங்கள் ஒவ்வொன்றாக விலகிய வரலாறு சுருக்கமாகக் கூறத்தக்கது. 1955இல் மைக்கேல் புவனோகோர் பாஸ்பாரிக் அமிலத்தால் எனாமலை அரித்து, அதன்மேல் அக்ரிலிக் பிசினை ஒட்டச் செய்தார். 1960களின் தொடக்கத்தில் ரஃபேல் போவன் உருவாக்கிய பிசின் இன்றைய காம்போசிட் அடைப்புக்கு வழிவகுத்தது. 1972இல் வில்சன், கென்ட் இருவரும் பல்லோடு வேதிமுறையில் ஒட்டும் கிளாஸ் அயனோமரை அறிமுகம் செய்தனர். பிடிப்பு வடிவம் என்னும் படிக்கு இருந்த தேவை பெருமளவு நீங்கிற்று.

வடிவத்தின் மீதும் ஐயம் எழுந்தது. மேற்பரப்புக் குழியின் அகலத்தைப் பல்முகடுகளின் இடைத்தூரத்தில் நாலில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்காக்கினால் பல்லின் வலிமை குறைகிறது என்பதை 1956இல் வேல் என்பவரின் சோதனை காட்டிற்று. நீட்டிய குழி தடுப்பாகவில்லை, முறிவுக்கு இடம் தந்தது. பிரிஸ்டலைச் சேர்ந்த ரிச்சர்ட் எல்டர்டன் இதனை இன்னும் விரிவாக எடுத்துரைத்தார்: ஓர் அடைப்பை மாற்றும்போது குழி பெரிதாகிறது, பெரிய அடைப்பு மேலும் பெரியதற்கு வழிவிடுகிறது, முடிவில் வேர்ச்சிகிச்சை, உறை, பல் பிடுங்கல் என ஒரு சுழற்சி தொடர்கிறது. ஆகவே முதல் குழியை வெட்டுவதா இல்லையா என்னும் முடிவே ஒரு பல்லின் ஆயுளைப் பற்றிய முடிவாகிறது.

2016இல் சொத்தை குறித்த பன்னாட்டு வல்லுநர் குழு ஒன்று வெளியிட்ட பரிந்துரைகள் பிளாக்கின் ஐந்தாம் படியை முதலிடத்திற்குக் கொண்டுவந்தன எனலாம். டென்டைனின் கடினத்தை மென்மை, தோல்தன்மை, உறுதி, கடினம் எனப் பகுத்து, பற்கூழை நெருங்கிய ஆழ்ந்த சொத்தையில் மென்மையான பகுதியைக்கூட அடியில் விட்டுவைத்து மேலே இறுக மூடலாம் என்று அக்குழு கூறியது. இங்கு வெட்டின் எல்லையைத் தீர்மானிப்பது கண்ணுக்குத் தெரியும் வடிவம் அன்று, கருவியின் நுனியில் உணரப்படும் கடினம்.

நெகிழிப் பல்லின் ஒருதன்மை

இந்த உணர்வை மாணவர் எங்கே பெறுகிறார்? 1894இல் ஆஸ்வால்ட் ஃபெர்கஸ் அறிமுகப்படுத்தியதாகக் கூறப்படும் பொம்மைத்தலை இன்றும் பயிற்சிக்கூடத்தின் மையக் கருவி. அதன் வாயில் பொருத்தப்படுவது பெரும்பாலும் நெகிழிப் பல். நோயாளியிடமிருந்து பிடுங்கிய இயற்கைப் பற்களும் பயன்படுகின்றன; ஆனால் அவற்றைத் தொற்று நீக்கிச் சேமிப்பது எளிதன்று. அமால்கம் அடைத்த பல்லை அழுத்தக் கொதிகலனில் இடவும் கூடாது. பாதரச ஆவி வெளிப்படும். நெகிழிப் பல்லுக்கு இத்தொல்லைகள் இல்லை. மாணவர் அனைவர்க்கும் ஒரே பல் கிடைப்பதால் தேர்வும் நேர்மையாகிறது.

ஆனால் வழக்கமான நெகிழிப் பல் முழுவதும் ஒரே தன்மையது. எனாமலைக் கடந்து டென்டைனுள் கருவி இறங்கும்போது விரல் உணரும் மாற்றம் அதில் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, அதில் நோய் இல்லை. நோயற்ற பல்லில் மாணவர் குழியை வெட்டுகிறார். வெட்டுவதற்கு வடிவத்தைத் தவிர வேறு காரணம் அவருக்குத் தரப்படவில்லை. நலமுள்ள பொருளை அளவுக்கேற்பக் குடைவதே அவர் கைக்குக் கிட்டும் முதல் தொழிலறிவு. பிளாக்கின் முதல் நான்கு படிகளும் அங்கே முழுமையாக உயிர்வாழ்கின்றன. ஐந்தாவது படி பொருளற்றுப் போகிறது. ஏழு படிகளை எழுதியவரே இந்நிலையை ஏற்றிருப்பாரா என்பது ஐயத்திற்குரியது.

இங்கு எதிர்வாதம் ஒன்றுண்டு. அதனைப் புறக்கணிக்க இயலாது. பெட்டி வடிவக் குழி என்பது மருத்துவம் அன்று, கைப்பயிற்சி. எழுத்துப் பழகும் சிறுவர் கோடு போடுவது போன்றது என்பர் ஆசிரியர் சிலர். கண்ணாடியில் தலைகீழாகப் பார்த்துக்கொண்டே, நிமிடத்திற்கு மூன்று இலட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் கருவியை அரை மில்லிமீட்டர் பிழையின்றி இயக்க இத்தகைய பயிற்சி தேவை என்பதில் ஐயமில்லை. ஆயினும், கோடு போடும் சிறுவர்க்கு அது எழுத்தன்று என்பது தெரியும். குழி வெட்டும் மாணவர்க்கோ அதுவே சிகிச்சையின் பெயரால், சிகிச்சையின் வகைப்பாட்டால், சிகிச்சைக்குரிய மதிப்பெண்ணால் கற்பிக்கப்படுகிறது.

புதிய கருவி, பழைய விடைத்தாள்

ஆம்ஸ்டர்டாமின் பல் மருத்துவக் கல்வி நிறுவனமான ஆக்டாவோடு இணைந்து மூக் நிறுவனம் உருவாக்கிய சிமோடான்ட் போன்ற தொடுவுணர்வுச் சிமுலேட்டர்கள் இக்குறையைத் தீர்க்கக்கூடியவை. எனாமல், டென்டைன், சொத்தை ஆகியவற்றுக்கு வெவ்வேறு எதிர்விசையை அவை கைக்குத் தர முடியும். ஒரே பல்லை நூறுமுறை வெட்டலாம், பொருள் வீணாவதில்லை. எனினும், அவற்றின் கைத்திறன் பயிற்சியில் மதிப்பெண் கணக்கிடப்படும் முறை நோக்கத்தக்கது. வெட்ட வேண்டிய பகுதி, அதனைச் சூழ்ந்த சிறு விளிம்பு, தொடவே கூடாத எல்லை என ஒரு வடிவம் முன்னரே வரையறுக்கப்படுகிறது. மாணவர் அதில் எத்தனை விழுக்காட்டை நீக்கினார் என்று கருவி கூறுகிறது. மாணவர் வெட்டிய பல்லை முப்பரிமாணமாக வருடி, ஆசிரியர் வெட்டிய மாதிரியோடு ஒப்பிட்டு வேறுபாட்டை நிறங்களில் காட்டும் மென்பொருள்களின் தருக்கமும் இதுவே.

இவற்றை ஆதரிப்போர் கூறும் காரணம் மெய்யானது. ஒரே குழிக்கு இரு ஆசிரியர் வெவ்வேறு மதிப்பெண் இடுவது பல் மருத்துவக் கல்வி ஆய்வுகளில் மீண்டும் மீண்டும் பதிவான குறை. கருவி அவ்வேறுபாட்டைக் குறைக்கிறது. ஆனால் கருவி அளப்பது அளக்க எளிதானதை. வடிவத்திற்கு மாதிரி உண்டு. தோல்தன்மையுள்ள டென்டைனை அடைந்ததும் நிறுத்திய முடிவுக்கு அத்தகைய முப்பரிமாண மாதிரி இல்லை. மிகப் புதிய தொழில்நுட்பம் 1908இன் விடைத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு திருத்துகிறது.

இம்முரணைப் பன்னாட்டு ஒப்பந்தம் ஒன்று இப்போது கூர்மையாக்கியுள்ளது. 2013இல் ஏற்கப்பட்டு 2017இல் நடைமுறைக்கு வந்த மினமாட்டா உடன்படிக்கை, பல் அமால்கம் பயன்பாட்டைக் குறைக்கும் வழிகளுள் ஒன்றாகப் பல் மருத்துவக் கல்லூரிகளையே குறிப்பிடுகிறது. பாதரசமற்ற மாற்றுப் பொருள்களில் மாணவரைப் பயிற்றுவிக்க ஊக்கமளிக்கச் சொல்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் மிகச்சில விலக்குகள் தவிர 2025 ஜனவரி 1 முதல் அமால்கம் அடைப்பு நிறுத்தப்பட்டுள்ளது. பொருளைப் பாடத்திட்டத்திலிருந்து நீக்குவது ஓர் ஆணையால் முடியும். அப்பொருளுக்காக வடிக்கப்பட்ட கைப்பழக்கம் அவ்வாறு நீங்குவதில்லை. காம்போசிட் அடைப்பதற்கும் அமால்கத்தின் பெட்டியையே வெட்டும் மாணவர் உடன்படிக்கையின் எழுத்தைக் காக்கிறார், பல்லை இழக்கிறார்.

சொல்லும் குழியும்

தமிழில் இக்கல்வியை எழுத முற்படுவோர்க்கு இதில் ஒரு பொறுப்புண்டு. ஆங்கிலத்தில் நோய்க்கு ஒரு சொல்லும் அது உண்டாக்கும் குழிக்கு வேறொரு சொல்லும் வழங்கினும், பொதுமக்கள் குழியையே நோயாகக் கொள்கின்றனர். தமிழில் ‘சொத்தை’ என்பது அவ்வாறன்று. சொத்தைக் கத்தரிக்காய் என்னும்போது ஓட்டையை மட்டும் சுட்டுவதில்லை. உள்ளே கெட்டுப்போன தன்மையைச் சுட்டுகிறோம். பொருளின் தன்மையைக் குறிக்கும் இச்சொல் 2016ஆம் ஆண்டுப் பரிந்துரையின் நோக்கிற்கு மிக அணுக்கமானது. கலைச்சொல்லாக்கம் என்னும் பெயரில் ‘பற்குழி’ என்று மாற்றி எழுதும்போது நோய் மறைந்து வடிவம் முன்வருகிறது; அது பிளாக்கின் வரிசையைத் தமிழில் மறுபடி நிறுவுவதாகும். ‘பல் அடைத்தல்’ என்னும் வழக்கும் அத்தகையதே: ஓட்டை இருந்தால்தானே அடைக்க வேண்டும்? தொடக்க நிலைச் சொத்தையைக் குடையாமல் ஃபுளோரைடு கொண்டு நிறுத்தும் சிகிச்சைக்கு அவ்வழக்கில் இடமில்லை.

சொல் தேர்வில் நேரும் விளைவு எவ்வளவு நடைமுறை சார்ந்தது என்பதற்கு அமெரிக்க உரிமத் தேர்வு சான்றாகும். பல்லாண்டுகளாக அங்குத் தேர்வெழுதுவோர் ‘பொருத்தமான சொத்தை’ உடைய நோயாளியைத் தாமே தேடிக் கொண்டுவர வேண்டியிருந்தது. மிகச் சிறிய சொத்தையும் ஆகாது, மிக ஆழ்ந்ததும் ஆகாது. உடனே செய்யவேண்டிய சிகிச்சையைத் தேர்வு நாள்வரை தள்ளிவைக்கவும், கண்காணித்தால் போதுமான பல்லை வெட்டவும் அது தூண்டுகிறது என்ற கண்டனம் அத்தொழிலுக்குள்ளிருந்தே எழுந்தது. கோவிட் காலத்தையொட்டி, செயற்கைச் சொத்தை பொதிந்த நெகிழிப் பல் அத்தேர்வில் பரவலாக இடம்பெற்றது. நோயாளி விடுவிக்கப்பட்டது நன்று. எனாமலுக்கும் டென்டைனுக்கும் இடையே சொத்தைக்கும் ஓர் இடம் கிடைத்ததும் நன்று. ஆயினும், தேர்வறையில் மாணவர் முன் வைக்கப்படும் அப்பல்லில் வெட்டுவதென்ற முடிவை வேறொருவர் ஏற்கெனவே எடுத்துவிட்டார்.